கவுண்டர் கேட்ட சம்பள உயர்வு

நாட்டில் எந்த மந்திரிக்கும், எந்த அதிகாரிக்கும் ஒரு பைசாகூட சம்பளம் ஏற்றக் கூடாது என்று ரங்கசாமி தீர்மானித்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். தனக்கு மட்டும் ஏற்றலாம் என்று தீர்மானித்தது புதன்கிழமை சாயங்காலம். நடுவில் ஒரே ஒரு தூக்கம்தான் தூங்கியிருந்தார்.

ரங்கசாமியை லேசுப்பட்ட ஆளாக நினைத்துவிடக் கூடாது. ஒடுகத்தூரில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே மலை மேலே வந்தால் ஆத்திக்கொல்லை என்று ஓர் ஊர் வரும். அந்த ஊருக்கு அவர்தான் ஊர்க்கவுண்டர். அப்பாவுக்கு அப்பா காலத்துப் பதவி. கலெக்டர் மாறுவார், மந்திரி மாறுவார், இவர் மாற மாட்டார். திருவிழாவுக்கு நாள் குறிப்பது இவர். வரப்புத் தகராறைத் தீர்ப்பது இவர். கல்யாணத்தில் முதல் தாம்பூலம் இவருக்கு. இத்தனைக்கும் ஊர் கொடுக்கிற சம்பளம், சாமை அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு படி சாமை. அதுவும் உமியோடு.

ரங்கசாமி இந்த ஊருக்கு மந்திரி மாதிரி என்றால் அதிகாரி என்று ஒருவர் வேண்டுமே. அவர் கோபால்சாமி. ஊரின் கோல்காரர். கையில் ஒரு கோலோடு வீடு வீடாகப் போய், "நாளைக்கு ஊர்க்கூட்டம்" என்று சொல்வது அவர் உத்தியோகம். சம்பளம் வீட்டுக்கு அரைப்படி. அவர் வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, கோலைப் பெண்டாட்டி செல்லம்மாவிடம் கொடுத்து அனுப்பிவிடுவார் என்பது ஊருக்கே தெரியும். அதிகாரி என்றால் அப்படித்தான் இருப்பார் என்று ஊரும் விட்டுவிட்டது.

ஆத்திக்கொல்லையில் செல்போன் வேலை செய்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். ஊருக்கு மேலே ஒரு பாறை. டவர் பாறை என்று பெயர். சாயங்காலமானால் மந்திரியும் அதிகாரியும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து போனில் செய்தி பார்ப்பார்கள். கொஞ்ச நாளாக எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரே விவாதம். மந்திரிகளுக்கும் அரசு அதிகாரிகளுக்கும் சம்பளம் ஏற்றலாமா, கூடாதா? கோட் போட்டவர் ஏற்றலாம் என்பார். கண்ணாடி போட்டவர் கூடாது என்பார். நடுவில் இருக்கிறவர் இரண்டு பேரையும் பேச விட மாட்டார்.

செவ்வாய்க்கிழமை கண்ணாடிக்காரர் கை ஓங்கியிருந்தது. ரங்கசாமி கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தார். பெண்டாட்டி மாதம்மாள் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள்.

"மாதம்மா, இந்த அநியாயத்த கேட்டியா? மந்திரிங்களுக்கு சம்பளம் ஏத்தணுமாம்!"

"ஏத்தட்டும். நமக்கு இன்னா?"

"நமக்கு இன்னாவா? கார் கீது, பங்களா கீது, கதவ தொறந்து வுட ஆள் கீது. அதுக்கு மேல சம்பளம் வேறயா? ஊருக்கு ஒழைக்கிறவன் கூலி கேட்டா அது சேவையா?"

"இல்லீங்க." உலக்கை இறங்கியது.

"சேவைன்னா சொம்மா செய்யணும்."

"சொம்மாதான் செய்யணுங்க." உலக்கை இன்னும் கொஞ்சம் வேகமாக இறங்கியது.

"மூச்சு வுடாம செய்யணும்."

மாதம்மாள் உலக்கையை நிறுத்தினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

இங்கே ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆத்திக்கொல்லையில் வழக்கு என்று வருகிற இரண்டு பேரும் முதலில் கவுண்டர் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கை கழுவிய பிறகுதான் வாயைத் திறக்கலாம். எந்தக் காலத்துப் பாட்டன் செய்த ஏற்பாடோ, நல்ல ஏற்பாடு. ஆனால் மாதம்மாளின் சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் அந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிட்டன. குழம்புக்காகவே வழக்குகள் உற்பத்தியாயின. உன் கோழி என் கொல்லையில் மேய்ந்தது என்று ஒருவன் வருவான். உன் கோழியை என் கொல்லைப் பக்கம் காணோமே என்று அதே ஆள் அடுத்த வாரம் வருவான். ரங்கசாமி தீர்ப்புச் சொல்லிப் பேர் வாங்கினார். மாதம்மாள் சட்டி கழுவினாள்.

இந்த அடுப்புதான் இப்போது பெரிய சிக்கலாக வந்து நின்றது. மகள் பூஜாவைக் கீழே கணியம்பாடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அழைத்து வரலாம் என்றால், மலையில் வலி எடுத்தால் வண்டிக்கு எங்கே போவது? கீழேயே இருக்கட்டும், நீ வந்து கூட இரு என்று சம்பந்தியம்மா சொல்லியனுப்பிவிட்டாள். மாசியில் குழந்தை. மாதம்மாள் தை பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பூஜாவுக்கு நான் பக்கத்துல இருக்கணுங்க. பாவம், பயந்துக்கினு கீறா."

"மாசியில புளி உலுக்குவாங்க. வழக்கு வண்டி வண்டியா வரும். நீ பூட்டா யாரு ஆக்கறது?"

"யாரையாவது வெச்சி ஆக்கிக்கங்க."

"கவுண்டர் வூட்டு அடுப்புல வெளி ஆளா? வழக்கம் இன்னா ஆவறது? நீ கொழந்த பொறந்தப்பறம் ஒரு எட்டு போய்ட்டு வா."

அந்தப் பேச்சு அதோடு நின்றது. மாதம்மாளின் யோசனை மட்டும் நிற்கவில்லை.

புதன்கிழமை டவர் பாறையில் கோட்டுக்காரரின் நாள். நல்ல சம்பளம் கொடுத்தால்தான் நல்ல ஆள் வருவான், கொடுக்காவிட்டால் கை வேறு பக்கம் நீளும், வேலையின் பாரத்தைப் பார்த்துச் சம்பளம் கொடுங்கள் என்று வெளுத்து வாங்கினார். ரங்கசாமிக்குத் திடீரென்று உள்ளே ஒரு விளக்கு எரிந்தது.

"கோபாலு, நாமளும் ஒரு அரசாங்கந்தானே?"

"சந்தேகம் இன்னா கவுண்டரே?"

"எனக்கு இன்னா சம்பளம்? என் தாத்தா வாங்கின அதே ஒரு படி. வெலவாசி எங்க கீது, சாமை எங்க கீது?"

"சாமை அதே எடத்துலதான் கீது கவுண்டரே."

"அதான் சொல்றேன். ரெண்டு படி ஆக்கணும். உனக்கும் ஒரு படி ஆக்கிடலாம். நீ மட்டும் ஊர்ல பேச்ச எடுத்து வுடு."

கோபால்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நன்றியை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன் என்று பாறை மேலேயே கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து ரங்கசாமி விஷயத்தை மெதுவாக அவிழ்த்தார்.

"ஊருக்கு ஒழைக்கிறவர் கூலி கேக்கலாங்களா?" என்றாள் மாதம்மாள்.

"அது மந்திரிக்கு சொன்னது. அவங்களுக்கு கார் கீது. எனக்கு இன்னா கீது?"

"சேவைன்னா சொம்மா செய்யணுன்னீங்களே."

"அது செவ்வாக்கெழம. வேலையோட பாரத்த பாக்கணும் மாதம்மா. செய்யற வேலைக்கு ஏத்த சம்பளம் குடுக்கலன்னா அது பாவம் இல்லியா?"

மாதம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கணவரை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நாயங்க. கூட்டத்துல நானும் வந்து பேசட்டுமா?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். வேற யாருக்கு பேசுவேன்?"

ரங்கசாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட பெண்டாட்டி எந்த மந்திரிக்காவது வாய்த்திருக்கிறதா என்று நினைத்தார். அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னார்.

தை மாதக் கடைசியில் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. கோபால்சாமி பேச்சை எடுத்துவிட்டார். எடுத்துவிட்ட வேகத்தில் அது அவர் கையை விட்டுப் போய்விட்டது. அதற்கு முன்னால் டவர் பாறையில் பார்க்கிற விவாதம் ஒன்றுமே இல்லை.

"போன வருசம் என் ஆட்டு வழக்குக்கு இன்னா தீர்ப்பு சொன்னாரு?" என்று ஆரம்பித்தாள் சாந்தம்மாள். புருஷன் போன பிறகு தனியாகக் கொல்லையில் வெள்ளாமை பார்க்கிறவள். நாக்கில் உப்பு, புளி, காரம் மூன்றும் உண்டு. "ஆடும் தப்பு பண்ணல, வேலியும் தப்பு பண்ணலன்னாரு. அப்ப என் அவரச்செடி தானாவே தன்ன தின்னுக்கிச்சா? இதுக்கு ரெண்டு படியா?"

காலேஜ் முடித்துவிட்டுப் புளி வியாபாரம் பார்க்கிற பார்த்திபன் எழுந்தான். "சம்பளம் ஏத்தறது தப்பில்ல. இன்னா வேல செய்யறாருன்னு சொல்லுங்க. வேலைக்கு தகுந்தாப்புல ஏத்தலாம்."

"தாம்பூலம் வாங்கறாரு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சின்னக்குழந்தை என்ற பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு எழுந்தார். "அப்டி சொல்லாதீங்கப்பா. கீழ கீற பெரிய பெரிய ஆளுங்க தங்களுக்கு தாங்களே ஏத்திக்கிறாங்கன்னு பேசிக்கிறாங்க. நம்ம கவுண்டர் நம்மள கேக்கறாரே, அந்த மரியாதைக்காவது..." என்று ஆரம்பித்து, "அரை கைப்பிடி சேத்து போடலாம்," என்று முடித்தார்.

ரங்கசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. அரைக் கைப்பிடி! பதவியின் மானம் கோயில் வாசலில் கிடந்து உருண்டது. அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து மாதம்மாள் எழுந்தாள்.

"எல்லாரும் தப்பா பேசறீங்க. எங்க வூட்டுக்காரருக்கு சம்பளம் ஏத்தித்தான் ஆவணும்."

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது.

"கவுண்டர் வேல இன்னா வேலன்னு பார்த்திபன் கேட்டான். நல்ல கேள்வி. நான் சொல்றேன். வழக்கு வந்தா சாமை குத்தணும். பொடைக்கணும். ஓடையிலேந்து தண்ணி கொண்டாரணும். வெறகு ஒடைக்கணும். கொழம்பு வெக்கணும். வழக்கு பேசறவங்களுக்கு மட்டுமா, கூட வந்தவங்களுக்கும் எல போடணும். எல எடுக்கணும். சட்டி கழுவணும். கழுவி முடிக்கிறதுக்குள்ள அடுத்த வழக்கு வாசல்ல நிக்கும். இந்த வேல இல்லாம இந்த ஊர்ல ஒரு தீர்ப்பாவது நடந்துச்சா? இதுக்கு ஒரு படி போதுமா? நெஞ்ச தொட்டு சொல்லுங்க."

ஊர் நெஞ்சைத் தொட்டது. தொட்ட கை அப்படியே வயிற்றுக்கும் போனது. ஒவ்வொருவரும் அந்த வீட்டில் தின்ற சோற்றை நினைத்துப் பார்த்தார்கள். சாந்தம்மாள்தான் முதலில் சொன்னாள். "போதாது. சத்தியமா போதாது. நாம நன்றி கெட்டவங்களா இருந்துட்டோம்."

"ரெண்டு படி குடுங்க!" என்று ஊர் ஒரே குரலில் சொன்னது. கோபால்சாமிக்கும் ஒரு படி, அந்த ஆரவாரத்திலேயே நிறைவேறிவிட்டது.

ரங்கசாமிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சாந்தம்மாள் ஒரு தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"சம்பளம் ஏத்தியாச்சி. இப்ப மாதம்மா சொன்ன வேலயெல்லாம் ஒழுங்கா செய்யறேன்னு கவுண்டர் கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணணும்."

சந்தோஷத்தில் இருக்கிறவன் எதைத்தான் யோசிப்பான்? ரங்கசாமி பாய்ந்து போய்க் கற்பூரத்தின் மேல் கையை அடித்தார். "மாதம்மா சொன்ன வேல அத்தனையும் என் வேல. என் கையால செய்வேன். ஆத்தா மேல ஆண!"

வீடு திரும்பும்போது அவர் கால் தரையில் படவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மாதம்மாள் பரணிலிருந்து பையை இறக்கினாள்.

"இன்னா மாதம்மா, பை எதுக்கு?"

"காலைல பஸ்ஸுக்கு கணியம்பாடி போறேங்க. பூஜாவுக்கு நாள் நெருங்கிடுச்சி."

"போறியா? அப்ப ஆக்கறது?"

"கற்பூரம் அடிச்சது யாருங்க?"

ரங்கசாமி தன் கையைப் பார்த்தார். உள்ளங்கையில் கரி இன்னும் அழியவில்லை.

முதல் வழக்கு மறுவாரமே வந்தது. சின்னக்குழந்தையின் புளியமரத்துக் கிளை ஒன்று பார்த்திபன் கொல்லைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் காய்த்த புளி யாருக்கு? நியாயமான, கனமான வழக்கு. ரங்கசாமி விடியற்காலையில் உலக்கையை எடுத்தார். குத்தின சாமையில் பாதி உரலுக்கு வெளியே போனது. உள்ளே இருந்ததில் பாதி உமியாகவே இருந்தது. சோற்றை ஒருவழியாக இறக்கிவிட்டுக் குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்தார். அப்புறம்தான் மொச்சையை முதலில் வேக வைப்பதா, புளியை முதலில் ஊற்றுவதா என்ற சந்தேகம் வந்தது. டவர் பாறைக்கு ஓடினார்.

"மாதம்மா, மொச்ச மொதல்லயா, புளி மொதல்லயா?"

"மொச்ச வெந்தப்பறந்தாங்க புளி. புளி மொதல்ல ஊத்துனா மொச்ச சென்மத்துக்கும் வேவாது. அடுப்புல யாரு கீறாங்க?"

"கொழம்பு கீது."

"பக்கத்துல?"

"பக்கத்துல யாரும் இல்ல."

"ஓடுங்க!"

ஓடி வந்தார். குழம்பு வற்றிச் சட்டியோடு ஒட்டி, ஒரு புது வகைப் பண்டமாக மாறியிருந்தது. தண்ணீர் ஊற்றிச் சமாளித்தார். சின்னக்குழந்தையும் பார்த்திபனும் நாக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு வாய் வைத்தார்கள். கல் போன்ற மொச்சையைப் பெரியவர் ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை நாள் பகைவர்கள், அந்தப் பார்வையில் உறவாகிவிட்டார்கள்.

"கவுண்டரே, புளிய பாதி பாதி எடுத்துக்கறோம்," என்றான் பார்த்திபன்.

"இன்னும் கை கழுவலியே! தின்னுட்டு பேசுங்க. சட்டி நெறைய கீது."

"பேச இன்னா கீது?" என்று எழுந்துவிட்டார் பெரியவர். "தம்பி, முழுசும் நீயே வெச்சிக்கோ. வா, போலாம்."

செய்தி ஊருக்குள் தீயாகப் பரவியது. அதற்கப்புறம் கவுண்டர் வீட்டை நோக்கிக் கிளம்பின சண்டைகள் பாதி வழியிலேயே சமாதானமாகித் திரும்பின. கோழிகள் இஷ்டப்பட்ட கொல்லையில் மேய்ந்தன. ஆனால் எந்த நேரத்தில் வழக்கு வருமோ என்று ரங்கசாமி தினமும் ஆக்கித்தான் வைத்தார். வழக்கு வராததால் அத்தனையையும் அவரே தின்ன வேண்டியிருந்தது. கோபால்சாமிக்கும் நிம்மதி இல்லை. ஒரு படி வாங்குகிற ஆள் தானே நடக்கட்டும் என்று செல்லம்மா கோலை அவர் கையில் திணித்துவிட்டாள். அந்த ஏழு ஜென்ம நன்றியை அவர் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

ஒரு நாள் உலக்கை பிடித்த கையில் கொப்புளம் உடைந்தது. ரங்கசாமி உரல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து தன் தீர்ப்புக்குக் கிடைத்த புகழெல்லாம் யார் கை கொப்புளத்தில் வந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உலக்கையைச் சாய்த்து வைத்தார். நேராக டவர் பாறைக்குப் போனார்.

"மாதம்மா, உனக்கு ஒண்ணு சொல்லணும். இத்தன வருசமா நீ செஞ்சதுக்கு நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. நீ இல்லன்னா நான் கவுண்டரும் இல்ல, ஒண்ணியும் இல்ல. உனக்கு நான் ரொம்ப கடமப்பட்டிருக்கேன்."

"சரியா கேக்கலீங்க. இன்னொரு தபா சொல்லுங்க."

சொன்னார்.

"பாறைக்கு இன்னும் கொஞ்சம் மேல ஏறி சொல்லுங்க."

ஏறி, உரக்கச் சொன்னார். கீழே ஊருக்கே கேட்டது. போனிலிருந்து பூஜா சிரிக்கிற சத்தமும், சம்பந்தியம்மா சிரிக்கிற சத்தமும், புதிதாகப் பிறந்த ஒரு ஜீவன் வீல் என்று அழுகிற சத்தமும் சேர்ந்து வந்தன. மாதம்மாள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "பேத்திங்க," என்றாள். அவள் குரல் தழுதழுத்தது. "காலைலதான் கொண்டாந்து என் கையில குடுத்தாங்க. பொறந்த ஒடனே வாங்கற பாக்கியம் எனக்கு கெடச்சிது. உங்க சம்பள உயர்வாலதாங்க."

ரங்கசாமி பாறை மேல் நின்று சிரித்தார், அழுதார். அடுப்பில் வைத்ததை மறந்தார்.

சித்திரையில் மாதம்மாள் திரும்பி வந்தாள். அவள் பையை வைத்த அன்றே ரங்கசாமி கூட்டத்தைக் கூட்டினார். நாட்டிலேயே எந்தப் பதவிக்காரரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். தன் சம்பளத்தைக் குறைக்கச் சொன்னார்.

"ஊருக்கு ஒழைக்கிறவன் கூலி கேக்கலாமா? சேவைன்னா சொம்மா செய்யணும். எனக்கு பழையபடி ஒரு படியே போதும். பழையபடி எல்லாம் நடக்கட்டும்." பழையபடி என்று சொல்லும்போது மாதம்மாளைப் பார்த்தார்.

சாந்தம்மாள் எழுந்தாள். "கவுண்டர் ஆக்க ஆரம்பிச்சதிலேந்து இந்த ஊர்ல ஒரு சண்ட கீதா? புளி மாசம் இவ்ளோ அமைதியா போனத யாராவது பாத்திருக்கீங்களா? இப்படி ஒரு நிர்வாகம் கீழ எங்கனா கீதா? இந்த மனுசனுக்கு நாம பட்ட நன்றிக்கடனுக்கு சம்பளத்த கொறைக்கிறதா?"

"ஏத்தணும்!" என்றான் பார்த்திபன்.

"வேலையோட பாரத்த பாக்கணுங்க," என்று மாதம்மாள் மெதுவாகச் சொன்னாள். "செய்யற வேலைக்கு ஏத்த சம்பளம் குடுக்கலன்னா அது பாவம். இத்த சொன்னது நான் இல்ல, அவருதான். புதன்கெழம சொன்னாரு."

வீட்டுக்கு மூன்று படி என்று ஒருமனதாக நிறைவேறியது. நடந்து நடந்து கால் வீங்கிப்போயிருந்த கோபால்சாமி, தனக்கும் ஏற்றிவிடுவார்களோ என்று பயந்து கூட்டம் முடிவதற்குள் நழுவிவிட்டார்.

"அப்ப எல்லாரும் என் வூட்டுக்கு வந்து சாப்ட்டுத்தான் போவணும்!" என்று ரங்கசாமி கத்தினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் கோயில் வாசல் காலி. மாதம்மாள் மட்டும் நின்றிருந்தாள்.

"நான் வர்றேங்க. எனக்கு பசிக்கிது."

வழி நெடுக ரங்கசாமி யோசித்துக்கொண்டே வந்தார். ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. ஒரு வாய் வைத்தவுடன் அவளே அடுப்பைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். அடுப்படியில் குனிந்து, ஒரு கை நிறைய உப்பை அள்ளிக் குழம்பில் போட்டார். கொஞ்சம் தயங்கி, இன்னொரு கையும் போட்டார். இலை போட்டுப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார்.

மாதம்மாள் ஒரு வாய் வைத்தாள். ஒரு கணம் கை நின்றது. அப்புறம் பருக்கை மிச்சமில்லாமல் அத்தனையையும் சாப்பிட்டாள். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். இன்னொரு சொம்பு குடித்தாள். கண்களில் நீர் நின்றது.

"கல்யாணம் ஆயி வந்ததிலேந்து இந்த வூட்ல ஒருத்தர் ஆக்கி எனக்கு எல போட்டது இன்னிக்கித்தாங்க. எவ்ளோ ருசியா கீது!" என்றாள். "நாளைக்கும் நீங்களே ஆக்குங்க."